டொக்டர்ட அப்பா

தேத்தண்ணிக் கோப்பை கைக்கு வந்ததும் சோமசேகரம் முதலில் பார்ப்பது மகளின் எண்ணைத்தான். மழை வருமா என்பது பிறகு. மரண அறிவித்தல் அதற்கும் பிறகு. கைபேசியில் சுலோஜனாவின் பெயரை இங்கிலீஷில் தட்டினால் ஒரு பக்கம் வரும். அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே, உலகத்தில் இதுவரை எத்தனை கட்டுரைகளில் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு எண் இருக்கும். ஊரில் மற்ற ஆண்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி மனுசன் அதைப் பார்ப்பார். "சாமிப் படத்தைக்கூட ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்ல" என்று அவர் மனைவி இராசமலர் சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டாள்.

அன்று வியாழக்கிழமை. முதலாவதாய் நிற்கும் கட்டுரையின் எண் பாய்ச்சலில் இருந்தது. மாதத்துக்கு நாலு, ஐந்து என்று நொண்டி நொண்டி ஏறிக்கொண்டிருந்தது, கொஞ்ச நாளைக்குள் மளமளவென்று ஏறி முந்நூறைத் தாண்டி நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். முந்நூறுதான்.

"இஞ்சேர், முன்னூறு தாண்டிட்டுது!"

"என்னது, தேங்காயோ?" என்று குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

இந்த மனுசியிடம் சொல்லி என்ன பிரயோசனம். சோமசேகரம் கதிரையை இழுத்துப் போட்டு அந்த எண்ணை இன்னொரு தரம் ஆசையாகப் பார்த்தார்.

சுலோஜனா கொழும்பில் குழந்தைகளின் மூளை நரம்பு நோய்களுக்கான வைத்தியர். வைத்தியம் பாதி, பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதும் ஆராய்ச்சியும் மீதி. அவள் எழுதியவற்றில் பேர் எடுத்தது வலிப்பு வருகிற பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. மருந்து குடித்து ஒரு வருசம் வலிப்பு வராமல் இருந்தால், ஒரு வகைப் பிள்ளைகளுக்கு மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம், வருசக்கணக்காகக் குடிக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். சோமசேகரத்துக்கு இது எப்படித் தெரியும் என்றால், கட்டுரையின் முதற்பக்கத்தை அச்செடுத்து, லெமினேற் பண்ணி, விறாந்தையில் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். மீதிப் பக்கங்கள் எல்லாம் ஆஸ்பத்திரி இங்கிலீஷ், அட்டவணை, கோடு, கீறல். அதற்குள் அவர் போகவில்லை. முதற்பக்கத்தில் மகளின் பெயர் இருந்தது, முடிவும் இருந்தது. ஒரு தகப்பனுக்கு இதற்கு மேல் என்ன வேணும்? பென்சன் எடுக்கும் வரைக்கும் அவர் துறைமுகத்தில் டெலி கிளாக். கப்பலால் இறங்குகிற மூடைகளை எண்ணிக் கோடு போடுவது வேலை. மூடைக்குள் இருப்பது கோதுமையா, சீமெந்தா, அது நனைந்ததா, நல்லதா என்பதெல்லாம் வேறு ஆட்கள் பார்க்கிற சங்கதி.

அன்புவழிபுரத்தில் அவரைச் சோமசேகரம் என்று கூப்பிடுகிறவர்கள் இப்போது குறைவு. டொக்டர்ட அப்பா என்றால்தான் ஓட்டோக்காரனுக்கும் வீடு தெரியும். மகள் டொக்டர் ஆகிவிட்டால் தகப்பன் அரை டொக்டர் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விசயம். சீனி ரிப்போட், கொலஸ்ரோல் ரிப்போட், முழங்கால் எக்ஸ்ரே எல்லாம் முதலில் அவருடைய விறாந்தைக்குத்தான் வரும். அவரும் எக்ஸ்ரேயை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ம்" என்று ஒரு ம் போடுவார். அந்த ம்முக்கு ஊரில் நல்ல மரியாதை இருந்தது. ஆரம்பத்தில் "எனக்கென்ன தெரியும், கிளினிக்குக்குப் போங்கோ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் விட்டால்தானே. "உங்களுக்குத் தெரியாததோ?" என்று கேட்டுக் கேட்டே அவருக்குத் தெரியும் என்று அவரையும் நம்பவைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் சுலோஜனாவுக்குப் பாராட்டு விழா. அவளாகக் கேட்டதில்லை, இவராக ஒழுங்கு செய்தது. நிலையத்துச் செயலாளர் இராகுலனைப் பிடித்து, மண்டபம் சொல்லி, பெனரும் அடித்து வந்துவிட்டது. மகளின் பெரிய படம், 'குழந்தை நரம்பியல் ஆய்வில் உலகம் போற்றும் எம் மண்ணின் மகள்' என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே எண். அந்த எண் இன்றைக்குப் பழசாகிவிட்டது. பரவாயில்லை, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் சரி. அடுத்த மாதம் அவளுக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகம் வேறு இருந்தது. முந்நூறைப் பார்த்தால் எவன் இல்லை என்பான்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். சைவக்கடையில் ஒரு பெட்டி லட்டு வாங்கினார். பஸ் ஸ்ராண்ட் பக்கத்தில், டவுனுக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு வாழைப்பழத் தோலுக்கு முண்டிக்கொண்டு நின்றன, பெல் அடித்தும் விலகவில்லை. இன்னொரு நாள் என்றால் திட்டியிருப்பார். அன்றைக்கு இறங்கி உருட்டிக்கொண்டு சுற்றிப் போனார். முதல் லட்டு அலியாருக்கு. அதில் மாற்றமில்லை.

அலியார் கயிற்றுக்கடை வைத்திருப்பவர். கப்பல்களுக்கும் வள்ளங்களுக்கும் கயிறு, வலைச் சாமான் கொடுப்பவர். துறைமுக வேலைக் காலத்துப் பழக்கம் அது. சண்டை நடந்த கெட்ட காலத்தில் ஒருவர் குடும்பம் மற்றவர் வீட்டில் படுத்திருந்ததும் உண்டு. அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் கதைப்பதில்லை. அலியாரின் மகள் ஸுல்பிகா, ஸுல்பிகாவின் மகள் றஹ்மா. ஐந்தாம் வகுப்பு, கெட்டிக்காரி. சின்னதில் இருந்து வலிப்பு வந்து, கிளினிக்கில் சிரப் கொடுத்து, அது அடங்கி ஒரு வருசத்துக்கு மேல். ஆனால் அந்தச் சிரப்பைக் குடித்தால் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறது, புலமைப்பரிசில் சோதினை வேறு வருகிறது என்று ஸுல்பிகா ஒருநாள் இதே கடையில் வைத்து அழாத குறையாகச் சொன்னாள். அன்றைக்குச் சோமசேகரம்தான் கேட்டார், "கடைசியா எப்ப வந்தது?" என்று. "வருசம் ஒண்டு தாண்டிட்டு மாமா." "பிறகென்னத்துக்கு இன்னும் குடுக்கிறியள்? என்ர மகள் எழுதி உலகமே எடுத்துப் போட்டிருக்கு. ஒரு வருசம் வராட்டி நிப்பாட்டலாம்." ஸுல்பிகா அவரைப் பார்த்த பார்வை இன்னும் அவர் கண்ணுக்குள் நிற்கிறது. கடவுளைப் பார்த்த மாதிரிப் பார்த்தாள். கிளினிக்கில் மாதா மாதம் கொடுத்த சிரப் போத்தல்கள் அதற்குப் பிறகு மூடி திறக்காமலே அவள் வீட்டு அலுமாரியில் நின்றன. றஹ்மாவும் தூங்காமல் படித்தாள். போன மாதச் சோதினையில் வகுப்பில் முதலாம் பிள்ளை. சோமசேகரத்துக்கு அதில் இருந்த பெருமையும் புளுகமும் கொஞ்சநஞ்சமில்லை. பெயர்தான் அரை டொக்டர், அவர் சுகப்படுத்திய முழு நோயாளி றஹ்மா ஒருத்திதான்.

அலியார் கல்லாவில் தனியாக இருந்தார். முகம் வாடிக் கிடந்தது. ஆனால் லட்டுப் பெட்டியோடு வருகிறவருக்கு மற்றவர் முகம் எங்கே தெரியப் போகிறது?

"அலியார், வாயைத் திறவுங்கோ! முன்னூறு தாண்டிட்டுது!"

"ஆ... அந்த எண்ணா?"

"அதேதான். உலகத்தில முன்னூறு இடத்தில என்ர பிள்ளையின்ர பேர். விளங்குதோ?"

அலியார் ஒரு லட்டை எடுத்தார். "மாஷா அல்லாஹ். நல்ல சந்தோசம் அண்ணன்" என்றார். வாயில் போட்டு மென்றார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். ஒரு லட்டுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. சோமசேகரம் அதையும் கவனிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அலியார் முன் வரிசையில் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் ஸுல்பிகா கடைக்குள் வந்தாள். கையில் ஒரு வெறும் பிளாஸ்க், தோளில் உடுப்புப் பை. கண் இரண்டும் வீங்கியிருந்தது. லட்டுப் பெட்டியைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

"மாமாவுக்குச் சொல்லல்லயா வாப்பா?"

"நீ போ புள்ள. தேத்தண்ணி ஊத்திக்கிட்டுப் போ" என்றார் அலியார்.

"என்ன பிள்ளை? என்ன சங்கதி?" சோமசேகரம் பெட்டியை மூடினார்.

"றஹ்மாக்குத் திரும்ப வந்திட்டு மாமா. நேத்து ஸ்கூல்ல. எல்லாப் புள்ளைகளுக்கும் முன்னால விழுந்திட்டா. நாக்கைக் கடிச்சு, ரெத்தம் வந்து..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னாள். "ஆஸ்பத்திரி வாட்டில வெச்சிருக்கு. மருந்து குடிச்சும் வருதே எண்டு டொக்டர் யோசிக்கிறா. பழைய மருந்து வேல செய்யலயாம். இன்னொரு மருந்து சேக்கணுமாம். நாளைக்குப் பின்னேரம் தொடங்கப் போறாங்க."

"மருந்து குடிச்சும் எண்டால்? நிப்பாட்டினது அவைக்குத் தெரியாதோ?"

ஸுல்பிகா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அலியார்தான், கல்லா மேசையில் கிடந்த நூல் துண்டொன்றைச் சுற்றிக்கொண்டு, நிமிராமல் சொன்னார்.

"நான்தான் சொல்ல வேணாம் எண்டன். சொன்னா ஆரு சொன்னது எண்டு கேப்பாங்க. உங்கட பேரு வரும். உங்கட பேரு வந்தா மகள்ட பேரு வரும். ஞாயித்துக்கிழம விழாவும் வெச்சிருக்கிற நேரம்... விடுங்க அண்ணன். அல்லாஹ் பாத்துக்குவான்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் சோமசேகரத்தின் நெஞ்சுக்குள் முதலில் வந்தது பயம் இல்லை, பிள்ளையின் மேல் இரக்கமும் இல்லை. அப்பாடா என்று ஒரு ஆறுதல். அது வந்த வேகத்தில் அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் வாய் "சொல்லுங்கோ, இப்பவே போய்ச் சொல்லுங்கோ" என்று சொல்லவில்லை. "ஓம்... பாப்பம்" என்று மட்டும் சொன்னது. லட்டுப் பெட்டியைச் சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு, மான்களுக்கு நடுவால் பெல் அடிக்காமல் வீட்டுக்கு வந்தார்.

வந்து சாப்பிடவில்லை. இரண்டு தரம் மகளுக்கு அழைப்பெடுத்து, மணி அடிக்கும் முன்னரே வெட்டினார். அவளே திருப்பி எடுத்தாள். "என்னப்பா?" "ஒண்டுமில்ல பிள்ளை. எத்தின மணி பஸ்?" "நாளைக்கு மத்தியானம் வந்திடுவன் எண்டு சொன்னனானே." "ஓம் ஓம். மறந்து போனன்." இராசமலர் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். "ஒரு லட்டுத்தான் போயிருக்கு. உலகம் போற்றுறது இவ்வளவுதானோ?" என்றாள். அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய அவர் கைபேசியைத் தொடவில்லை.

மத்தியானம் சுலோஜனா வந்து இறங்கினாள். நாற்பது வயதுப் பேராசிரியர் ஆகப்போகிறவள், பஸ்ஸில் வந்த களைப்போடு செருப்பைக் கழற்றும்போது இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரித்தான் கழற்றினாள், ஒன்று படியில், ஒன்று முற்றத்தில். விறாந்தைச் சுவரோடு சுருட்டி வைத்திருந்த பெனரைக் கண்டாள். விரித்தாள். தன்னுடைய முகத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, இதைக் கட்ட வேண்டாம். விழாவும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் நேர வந்தனான். போனில சொன்னா நீங்கள் கேக்க மாட்டியள்."

"ஏன் பிள்ளை?"

"இந்த நம்பர் இப்ப கூடிக்கொண்டு போகுது, கண்டனீங்களோ?"

"முன்னூறு தாண்டிட்டுது" என்றார். நேற்றுக் காலையில் சொன்ன அதே சொல்தான். இன்றைக்கு அது வாய்க்குள் சப்பென்று இருந்தது.

"ஏன் கூடினது எண்டு தெரியுமோ? வெளியில ஒரு பெரிய ஆராய்ச்சி வந்திருக்கு. எங்களைவிடப் பத்து மடங்கு பிள்ளையள். ஒரு வருசத்தில நிப்பாட்டினால் திரும்ப வாறது நாங்கள் சொன்னதைவிட நல்லாக் கூடவாம். அதுக்குப் பிறகு எழுதிற ஆக்கள் எல்லாரும், சுலோஜனா ஆக்கள் இப்பிடிச் சொன்னவை, அது சரிவராது எண்டு எழுதுகினம்." அவள் பெனரை மறுபடி சுருட்டினாள். "பிழை எண்டு சொல்லவும் பேரைச் சொல்லித்தானே சொல்லவேணும். பாராட்டு, ஏச்சு எல்லாத்தையும் அது ஒண்டாத்தான் எண்ணும்."

சோமசேகரம் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அப்ப நீ எழுதினது பொய்யோ?"

"பொய் இல்ல அப்பா. நாங்கள் பாத்த பிள்ளையளில அப்பிடித்தான் இருந்தது. அதைத்தான் எழுதினம். இப்ப கூடப் பிள்ளையளைப் பாத்தவை வேற காணுகினம். இது எங்கட வேலையில நடக்கிறதுதான். நானும் திருத்தி எழுதத்தான் போறன்." பிறகு, வேடிக்கையில்லாத ஒரு சிரிப்புச் சிரித்தாள். "பகிடி என்னெண்டால், நேர்முகத்துக்கு இந்த நம்பர் நல்லா உதவும். அங்க ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கப் போறதில்ல."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மகள் திகைத்துப் போனாள். எண்ணுக்காக அழுகிறார் என்று நினைத்து, தோளில் கை வைத்து, "அப்பா, இதுக்கு ஆராவது..." என்று தொடங்கினாள். அவர் கையைத் தட்டிவிட்டு, றஹ்மாவின் கதையைச் சொன்னார். கயிற்றுக்கடையில் தான் சொன்னதை, அலுமாரியில் நிற்கும் போத்தல்களை, பள்ளிக்கூடத்தில் விழுந்ததை, அலியார் மறைக்கச் சொன்னதை, இன்றைக்குப் பின்னேரம் தொடங்கப் போகிற மருந்தை. கடைசியில் அந்த "அப்பாடா"வையும் சொன்னார். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் வந்துவிட்டது.

சுலோஜனாவின் கை தோளிலிருந்து எப்போது எடுபட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் எழும்பிப் போய், கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய முதற்பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இதில மிச்சம் எங்க?"

"என்ன மிச்சம்?"

"மிச்சப் பக்கங்கள். எந்தப் பிள்ளைக்கு நிப்பாட்டக் கூடாது, தலையில வயர் வைச்சு எடுக்கிற படம் எப்பிடி இருக்கவேணும், எவ்வளவு மெதுவாக் குறைக்கவேணும் எண்டு ஒரு பக்கம் முழுக்க எழுதினனான். அதெங்க?" அவள் திரும்பினாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும், சின்னதிலிருந்தே அப்படித்தான். "அப்பா, நான் இருநூறு பிள்ளையளைப் பற்றி எழுதினனான். றஹ்மாவைப் பற்றி நான் ஒண்டும் எழுதேல்ல. அவளை நான் கண்டதுகூட இல்ல. எப்பிடியப்பா சொன்னனீங்கள்? அதுவும் ஒரே நாளில நிப்பாட்ட!"

இராசமலர் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. பகிடி ஒன்றும் சொல்லவில்லை. "பார்வையாளர் நேரம் அஞ்சு மணிக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஓட்டோவில் தகப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் சோமசேகரம் கேட்டார். "நீயே கதைச்சிட்டியெண்டால் சுகமில்லையோ பிள்ளை? டொக்டரும் டொக்டரும் கதைக்கிறது வேற."

"வாட்டில இருக்கிற டொக்டர் நிவேதிகா என்னட்டப் படிச்ச பிள்ளை. நான் போய் நிண்டால் மிஸ், மிஸ் எண்டு பயந்து, நான் சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டும். அது அவளின்ர நோயாளி. அவளுக்குத் தேவை நான் இல்ல, நடந்தது. நடந்ததைச் செய்த ஆள்தான் சொல்லவேணும்." கொஞ்சம் பொறுத்து, இன்னும் வெளியே பார்த்துக்கொண்டே, "என்ர பேரைச் சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கோ. மறைக்காதேங்கோ" என்றாள்.

மாடிப் படிக்குக் கீழே அவள் நின்றுவிட்டாள். அவர் தனியாக ஏறினார்.

பிள்ளைகளின் வாட். ஜன்னல் எல்லாம் திறந்து கடற்காற்று வந்தாலும் டெற்றோல் மணம் போகவில்லை. றஹ்மா கடைசிக் கட்டிலில் நித்திரையாகக் கிடந்தாள், உதடு வெடித்து வீங்கி, ஒரு கையில் ஊசி ஏற்றிய பிளாஸ்ரர். முதலாம் பிள்ளை. கட்டிலோடு ஒட்டிய நீள மர வாங்கில் அலியாரும் ஸுல்பிகாவும் இருந்தார்கள், நடுவில் பிளாஸ்க். சோமசேகரத்தைக் கண்டதும் அலியார் எழும்பி வந்தார். அவர் கையில் பெட்டி கிட்டி ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்தார். பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார் என்று விளங்கிவிட்டது.

"அண்ணன், வேணாம்" என்று மெதுவாகச் சொல்லி முழங்கையைப் பிடித்தார். "நான் சொல்றன் கேளுங்க. ரெண்டு மருந்தையும் குடுத்தாச் சரி. நாங்க பழைய மருந்தையும் இனி ஒழுங்காக் குடுக்கிறம். ஆருக்கும் தெரியத் தேவல்ல."

"தேவையில்லாத மருந்து அலியார்."

"உங்கட மகள்ட பேரு..."

"என்ர மகள் கீழ நிக்கிறா. அவதான் அனுப்பினவ."

அலியாரின் பிடி தளர்ந்தது. ஸுல்பிகா இருந்த இடத்திலிருந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய பார்வை அதில் இல்லை. கோபமும் இல்லை. யாராவது ஒரு முடிவுக்கு வந்து தொலையுங்கள் என்கிற களைப்புத்தான் இருந்தது.

டொக்டர் நிவேதிகா பக்கத்துக் கட்டிலில் ஒரு கைக்குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த, கண்ணாடி போட்ட பிள்ளை. எப்போது கடைசியாகச் சாப்பிட்டாளோ. அவள் முடித்து நிமிரும்வரை சோமசேகரம் காத்து நின்றார்.

"பிள்ளை, ஒரு கதை சொல்லவேணும். இந்தப் பிள்ளையைப் பற்றி. புது மருந்து குடுக்க முந்திச் சொல்லவேணும்."

"சொல்லுங்கோ ஐயா."

"பழைய மருந்தை இந்தப் பிள்ளை குடிக்கேல்ல. நாலு மாதமாக் குடிக்கேல்ல. போத்தல் எல்லாம் அப்பிடியே வீட்டில இருக்கு."

நிவேதிகா ஸுல்பிகாவைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையா அம்மா? நான் எத்தின தரம் கேட்டனான், ஒழுங்காக் குடிக்கிறாவோ எண்டு." ஸுல்பிகா தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்று அசைத்தாள். நிவேதிகா கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தாள். ஏசப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏசவில்லை. "மருந்து எவ்வளவு நிக்குதெண்டு பாக்க ரெத்தம் கொழும்புக்கு அனுப்பியிருக்கு, முடிவு வர நாள் எடுக்கும். அதுக்கிடையில நான் ரெண்டாவதைத் தொடங்கியிருப்பன்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். பிறகு கேட்டாள். "ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

அலியார் நிலத்தைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் சோமசேகரம்.

"நீங்கள் டொக்டரோ?"

இவ்வளவு காலத்தில் அவரிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. எக்ஸ்ரே கொண்டு வந்தவர்கள் கேட்கவில்லை, ரிப்போட் கொண்டு வந்தவர்கள் கேட்கவில்லை. யாராவது ஒருவர் ஒருநாள் கேட்டிருக்கலாம்.

"இல்ல பிள்ளை. என்ர மகள்தான் டொக்டர். அவ எழுதினதில முதற்பக்கத்தை மட்டும் வாசிச்சுப் போட்டு நான் சொன்னனான். அவ இந்தப் பிள்ளைக்கு அப்பிடிச் சொல்லேல்ல." நிறுத்தினார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் துறைமுகத்தில மூடை எண்ணினனான்."

நிவேதிகா கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்தாள். பேனையால் ஒரு வரியைக் குறுக்கே வெட்டினாள், கீழே வேறு என்னவோ எழுதினாள், தாதியைக் கூப்பிட்டாள். தாதி வந்து, தலைமாட்டுச் சிறு மேசையில் இருந்த புதுச் சிரப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள். றஹ்மா நித்திரையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

அலியார் வாங்கில் போய் இருந்தார். சோமசேகரத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஸுல்பிகாவும் பார்க்கவில்லை. காற்றுக்கு ஜன்னல் திரை ஒருமுறை உப்பி அடங்கியது. பிறகு அலியார், வாங்கில் தனக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த பிளாஸ்கை எடுத்துக் கீழே நிலத்தில் வைத்தார். வாங்கில் ஒரு ஆள் இருக்க இடம் வந்தது. சோமசேகரம் நின்றுகொண்டுதான் இருந்தார்.